நோவும் மருந்தும் வினையும்

பிராரத்த வினை நுகர்ந்தே கழியற்பாலது என்பது சைவசித்தாந்தத் துணிபு. இத்துணிபைக் கருவியாகக் கொண்டு, நீங்காத நோவால் வருந்தும் ஒருவரை நோக்கி, ‘இஃது உமது வினை, பொறுத்திரும்’ எனக் கூறி, அந்நோவைத் தணிக்கும் மருந்தை அவரிடம் செல்லாது விலக்குதல் முறையாகுமா? அம்மருந்து அபினிலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதனை நாடோறும் உட்கொள்ளும் சிவனடியார் ஒருவர் மயக்கப் பொருளுக்கு அடிமைப்பட்டார் என இகழப்படுதல் தகுமா? இவ்விரு வினாக்களையும் நம் நூல்களின் வழிநின்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. தென்காசியைச் சூழ்ந்த ஊர்களில் பீடி சுற்றும் தொழிலால் வாழும் குடும்பங்கள் மிகப் பல. தட்டை மடியில் இருத்தி, கழுத்தைக் கவிழ்த்து, இலையும் தூளும் நூலுமாக நாள் முழுதும் ஒரே இருப்பில் இருக்கும் மாதர்க்குக் கழுத்தும் தோளும் இடுப்பும் நோதல் இயல்பு. புற்றுநோய் முற்றியவர், எலும்பு தேய்ந்தவர், நரம்பு கெட்டவர், விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர் ஆகியோரும் எவ்வூரிலும் உளர். இவர்களுட் சிலர் நோவுக்கு ஏற்ற மருந்து பெறாமலே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். வேறு சிலர் மருந்து பெற்று, பின்னர் அதனை விடமாட்டாத நிலையை எய்தி, வீட்டாரும் அயலாரும் அறியாதபடி மறைத்து வாழ்கின்றனர். கோயிலில் நம் அருகே நின்று கைகூப்புவாருள்ளும் இவர்கள் இருத்தல் கூடும்.

நோவு இருவகைப்படும். முள் தைத்த காலும் தீப்பட்ட கையும் நோதல், உடம்புக்கு வந்த கேட்டை உயிர்க்கு அறிவிக்கும் தூது. கேடு நீங்கியவழி அத்தூதும் நீங்கும். மற்றொரு வகையோ, அறிவிக்க வேண்டிய செய்தி முடிந்த பின்னும் போகாது நிற்பது. மூன்று திங்களுக்கு மேற்பட்டு நிற்கும் நோவை மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். இது பிறிதொரு நோயின் அடையாளமாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் இருத்தல் உண்டு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலும் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ‘புண் ஒன்றும் காணவில்லையே, நோவு எங்கிருந்து வரும்?’ என வினவுதல் அறியாமையாம்.

குற்றாலத்துச் சாரற் காலத்தில் பேரருவியின் கீழ் நின்று எழுந்தார் பலர், தோள்நோவும் முதுகுநோவும் தணிந்தன என்று மகிழ்தலைக் காண்கின்றோம். அம்மகிழ்ச்சி பொய்யன்று. தொடுவுணர்ச்சி மிகுந்து செல்லுமிடத்து, முதுகுத்தண்டிலுள்ள ஒரு வாயில் நோவுணர்ச்சியைக் குறைத்தே மூளைக்குச் செல்லவிடுகின்றது என்னும் கருத்தை மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் வெளியிட்டனர். அடிபட்ட இடத்தை நாம் கையால் தேய்த்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே பயன்படுகின்றது. மேலும், உடம்பினுள்ளேயே அபினை ஒத்த பொருள்கள் சுரந்து நோவைத் தணிக்கின்றன என்பதை 1975இல் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்போர் கண்டறிந்தனர். கசகசாச் செடியின் பால் நோவைத் தணிப்பது, அவ்வியற்கைப் பொருள்களுக்கென உடம்பில் அமைந்த இடங்களில் அதுவும் சென்று பொருந்துதலாலேயாம்.

இவ்வுண்மை சித்தாந்திக்கு வியப்பைத் தருவதன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் மாயாகாரியங்களை இறைவன் உயிர்க்குத் தந்தது வருத்துதற்கன்று, ஆணவ இருளில் கிடந்த உயிர் விடியும்வரை வழிகாணுதற்கு என்பது நம் கொள்கை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையை விளக்கோடு ஒப்பித்தது இதுபற்றியே. நோவைத் தணிக்கும் ஆற்றல் உடம்பிலும் வைக்கப்பட்டது, செடியிலும் வைக்கப்பட்டது. வைத்தவன் ஒருவனே.

இனி முதல் வினாவை எடுத்துக்கொள்வாம். பிராரத்தம் நுகர்ந்தே கழியும். மருந்தால் நோவைத் தடுத்தால் வினை கழியாது நிற்குமன்றோ என்பர் ஒருசாரார். இக்கூற்று, வினை துன்பமாக மட்டுமே நுகரப்படும் என்னும் பிழையின்மேல் நிற்கின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் மருத்துவனை உவமை காட்டுகின்றார். சில நோய்களை மருத்துவன் அறுத்தும் கீறியும் தீர்க்கின்றான். சிலவற்றை இனிய பொருளை ஊட்டித் தீர்க்கின்றான். அவ்வாறே இறைவனும் இன்பம், துன்பம் இரண்டையும் நுகர்வித்து வினையை அறுக்கின்றான் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், நோவு வந்ததும் நுகர்ச்சி, மருந்தால் அது தணிந்ததும் நுகர்ச்சி. மருந்து வினையின் புறத்தே நின்று அதனைத் திருடிச் செல்வதன்று. வினை கழியும் வழிகளுள் அதுவும் ஒன்று. நோவு எத்துணை நாள், எவ்வளவு என்பதை அளந்து வைத்தவன் இறைவன். அவ்வளவு முடிந்ததா இல்லையா என்பதை அருகில் நிற்கும் நாம் அறியோம். அறியாத நாம், ‘இன்னும் முடியவில்லை’ என்று தீர்ப்புக் கூறி மருந்தை மறித்தல், இறைவன் இருக்கையில் நாம் சென்று அமர்தலாகும்.

மேலும் ஒன்று. பிறன் வருத்தத்தை அவன் வினை என்று உரைத்தல், நோவுடையவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுங்கால் ஆறுதலாகலாம். பிறர் சொல்லுங்கால் அதுவே கொடுமையாகின்றது. நோவு அவனுக்குப் பிராரத்தம். உதவ வல்லவன் உதவாதிருத்தல் இவனுக்கு ஆகாமியம். அவனது பழவினையைக் காட்டி இவன் புதுவினையை ஈட்டிக்கொள்கின்றான். திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர் அதனை அவர்தம் வினையென்று விட்டிலர். திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு அருளிச்செய்த பதிகத்தின் தொடக்கத்திலேயே, முன்னை வினையால் இது வந்தது என்று பேசிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையென்று கடிந்தார். சுரமும் நாட்டை விட்டு நீங்கிற்று. வினைக்கொள்கையைச் சோம்பலுக்கு மறைவாக்குவாரை இதனினும் தெளிவாக மறுத்தல் அரிது.

திருநாவுக்கரசர் சூலைநோயால் அல்லவா ஆட்கொள்ளப்பட்டார், ஆதலால் நோவு நன்மையே அன்றோ எனின், அவ்வரலாற்றை முழுதும் நோக்குதல் வேண்டும். அவர் நோவைப் போற்றி அமர்ந்திலர். பாடலிபுத்திரத்தை விட்டு இரவில் புறப்பட்டுத் திருவதிகைக்குத் தமக்கையாரிடம் வந்தார். திலகவதியார், ‘சமயம் மாறியதற்கு இது தக்க தண்டம்’ என்று கூறி வாயிலை அடைத்தாரல்லர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அரசர் பாடிய முதற் பதிகமே நோவை நீக்கியருள வேண்டும் என்னும் விண்ணப்பம். அருள் வெளிப்பட்டதும் நோவின் நீக்கமாகவே வெளிப்பட்டது. இறைவன் துன்பத்தை வாயிலாகக் கொள்ளுதல் கூடும். அதனால் துன்பம் வழிபடுபொருள் ஆகிவிடாது. சைவம் நோவைத் தெய்வமாக்கும் சமயமன்று.

இனி, மருந்து மறுக்கப்படுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதும் அறியத்தக்கது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசாங்க உரிமம் பெற்று அபின் பயிரிடும் நாடு நம் நாடு. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், பல உரிமங்களை ஒருங்கே பெறவேண்டிய தொல்லைக்கும் கடுந்தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்பின் வைத்திருப்பதைக் கைவிட்டன. 1985இல் ஆண்டுக்கு 573 கிலோவாக இருந்த மார்பின் பயன்பாடு, 1997இல் 18 கிலோவாகச் சுருங்கிற்று. நோயாளர் தொகை சுருங்கவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே உரிமம் வழங்க வழி செய்யப்பட்டது. எனினும், 30 ஆண்டுகளில் வேரூன்றிய அச்சம் ஏட்டில் ஒரு வரி மாறியதனால் நீங்குவதன்று. புற்றுநோயின் கடைநாட்களில் கதறுவாரையும், ‘மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்’ என்று அஞ்சி வாளா விடுதல் இன்றும் நிகழ்கின்றது.

இவ்வச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று கூறுதலும் நேர்மையன்று. அமெரிக்காவில் 1996இல் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் என்னும் மாத்திரை, அடிமைப்படுத்தும் ஆற்றல் குறைந்தது என விளம்பரம் செய்யப்பட்டு, எளிய நோவுகளுக்கும் அள்ளி வழங்கப்பட்டது. பல்லாயிரவர் அதனாலும், அதன் பின்வந்த பிற அபின்வகைப் பொருள்களாலும் மாண்டனர். தம் வாணிக முறை குற்றமே என 2007இலும் 2020இலும் அந்நிறுவனத்தார் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். நம் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் இளைஞர் சிலர் வலிமாத்திரையைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் செய்திகளை நாளிதழ்களில் காண்கின்றோம். டிராமடால் என்னும் மாத்திரை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டதும் இதுபற்றியே. புற்றுநோயல்லாத நாட்பட்ட நோவுக்கு இவ்வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தலின் பயன் ஐயத்துக்குரியது என்று மருத்துவரும் எச்சரிக்கின்றனர். எனவே, இம்மருந்து வாளினை ஒப்பது. கொடாமையும் கேடு, கண்மூடிக் கொடுத்தலும் கேடு.

ஆயின், ‘அடிமை’ என்னும் ஒரு சொல்லால் மூன்று வேறு நிலைகளைக் குழப்புதலே பெருந்தீங்கு விளைக்கின்றது. முதலாவது, உடம்பின் பழக்கம். அபின்வகை மருந்தைச் சில வாரம் உண்டவர் எவராயினும், அதனைத் திடீரென நிறுத்தினால் உடல் நொந்து, வியர்த்து, கண்ணும் மூக்கும் ஒழுகி, வயிறு போகி, உறக்கமிழந்து வருந்துவர். இது தசையும் நரம்பும் செய்வது, உள்ளத்தின் குற்றமன்று. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவரும் திடீரென நிறுத்தினால் தளர்ந்து வீழ்வர். அவரை ஒருவரும் அடிமை என்பதில்லை. இரண்டாவது, நோவு போதிய அளவு தணியாமையால் மீண்டும் மீண்டும் மருந்து கேட்டல். தாகமுடையவன் தண்ணீர் கேட்டல் வேட்கை நோயாகாது. மூன்றாவதே உண்மையான அடிமை நிலை. உடலும் குடும்பமும் கெடுவதறிந்தும், நோவுக்காகவன்றி மருந்துக்காகவே மருந்தை நாடி, அதனைச் சுற்றியே வாழ்வு சுழலுதல் அது. முதலிரு நிலையினரையும் மூன்றாம் நிலையினர் என்று கருதி மருந்தை வெட்டிவிடுதலால் வரும் தீமை சிறிதன்று. அமெரிக்காவில் அள்ளிக் கொடுத்த கை அஞ்சித் திடீரெனப் பின்வாங்கியபோது, நோயாளர் சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். அங்குள்ள மருந்துக் கண்காணிப்புத் துறை, திடீர் நிறுத்தம் கூடாதென 2019இல் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிய ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? சித்தாந்தத்தில் அஃது ஆயத்தமாகவே உள்ளது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது. படிகம் தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதுவாகவே நிற்கும். கடும் நோவு மேலிட்டபோது உயிர் நோவின் வண்ணமே ஆகின்றது. அப்போது அஞ்செழுத்து நாவில் நில்லாது. மகவின் முகமும் இனிதாகத் தோன்றாது. உண்பதும் உறங்குவதும் நோவின் பொருட்டேயாம். அந்நிலையில் அளவறிந்து கொடுத்த மருந்து, உயிரை நோவினின்றும் பிரித்து, அது பிறிதொன்றைச் சார்தற்கு இடஞ்செய்கின்றது. ஆதலின் கேட்கவேண்டிய வினா, ‘என்ன மருந்து உண்கின்றார், எத்தனை வேளை உண்கின்றார்?’ என்பதன்று, ‘உண்டபின் அவருயிர் எதனைச் சார்கின்றது?’ என்பதேயாம். மார்பின் உண்டு, எழுந்தமர்ந்து, நீறணிந்து, பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் முதியவர் மருந்தால் விடுவிக்கப்பட்டவர். ஒரு மாத்திரையும் உண்ணாது, நோவையே எண்ணி, உற்றாரைச் சினந்து சுருண்டு கிடப்பவர், மருந்தின்மையால் கட்டுண்டவர். மருந்தையே எண்ணி மற்றெல்லாம் மறந்தவர், மருந்தால் கட்டுண்டவர். மயக்கம் தேடிக் கள்ளுண்பான் ஒருவன். மயக்கத்தினின்று தெளிவு தேடி மருந்துண்பான் மற்றொருவன். இருவர் செயலும் ஒன்றாகா. தீக்கை பெற்றவர்க்கும் இதுவே விடையென்க.

மூன்றாம் நிலையினரைப் பற்றியும் ஒன்று கூறுதல் கடமை. 2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் அபின்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சற்றேறக்குறைய 2 கோடியே 26 இலட்சம். அவருள் உதவி தேவைப்படுவோர் 77 இலட்சம். இவரை இகழும் உரிமை எவர்க்குண்டு? உயிர்களனைத்தும் அநாதியே மலத்தாற் பிணிப்புண்ட பசுக்கள் என்கின்றது சைவம். தான் கட்டுண்டது அறியாத பசு, கயிற்றின் நிறம் வேறாயிருத்தலைக் கண்டு மற்றொரு பசுவை நகுதல் போலும் இது. இவர்க்குப் பியூப்ரநார்பின், மெதடோன் முதலிய மருந்துகளை அளவாக நாடோறும் கொடுத்து நிலைநிறுத்தும் சிகிச்சை நம் நாட்டிலும் உண்டு. ‘ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றினார்’ என்று அதனையும் பழிப்பாருளர். வண்ணான் துணியின் அழுக்கைப் போக்கச் சாணியையும் உவர்மண்ணையும் அதன்மேல் ஏற்றுகின்றான். அவ்வாறே இறைவன் மாயையைக் கொண்டே மலத்தை ஒழிக்கின்றான் என்று சித்தியார் கூறுதலை அறிந்த சைவர் அங்ஙனம் பழியார். ஏற்றுகின்றவன் நோக்கம் அழுக்கை நீக்குதலே.

நாடோறும் மருந்து என்றவுடன் முகஞ்சுளிப்பார் குற்றாலத்துத் திருக்கோயிலை நினைவு கூர்வாராக. அகத்திய முனிவர் திருமால் திருவுருவைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கத் திருமேனியாக்கியபோது, திருமுடியில் நோவு உண்டாயிற்று என்பது அத்தலத்து வழக்கு. அந்நோவு தணியவே, மூலிகைகளை இட்டுக் காய்ச்சிய தைலத்தால் குற்றாலநாதர்க்கு நாடோறும் திருமுழுக்காட்டுகின்றனர். நோயும் பிறப்பும் இல்லாத பரம்பொருளுக்கு நோவு ஏது? அன்பர் அன்பினால் கற்பித்த உபசாரமே அது. ஆயினும் அவ்வுபசாரம் நமக்கு ஒன்று கற்பிக்கின்றது. நேற்று வார்த்த தைலம் போதுமென்று இன்று நிறுத்துவாரில்லை. ‘இறைவர் தைலத்துக்குப் பழகிவிட்டார்’ என்பாருமில்லை. நோவுள்ளவரை மருந்து என்னும் எளிய அறம் அங்கே நித்திய பூசையாக நிற்கின்றது. திருமேனிக்குச் செய்யும் அதனை, அவன் உறையும் ஊனுடம்புக்கு மறுத்தல் பொருந்துமா? உடம்பினுள்ளே உத்தமனைக் கண்டு உடம்பை ஓம்பியவர் திருமூலர் அல்லரோ?

தென்காசிப் பெருங்கோயிலும் இதனையே கூறாநிற்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் அதனை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அக்கோயிலுக்குக் குறை நேருமாயின், அதனைச் சீர்செய்து காப்பார் எவராயினும், அவரை அப்போதே தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டுவித்தான். குறை வருதல் கோயிலின் விதி என்று அவன் அமைதியுற்றானில்லை. வந்த குறையைப் போக்குவார் யார், எக்குலத்தார் என்றும் வினவினானில்லை. சிதைந்த கோபுரம் 1990இல் மீண்டும் நிமிர்ந்தது. உடம்பாகிய ஆலயத்தின் குறையைத் தணிக்கும் மருத்துவரும் செவிலியரும் அவ்வரசன் வணக்கத்துக்கு உரியவரே ஆவர்.

மலைக்கு அப்பால் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய நோவுதணிப்புப் பணி, ஊரார் கூடி நடத்தும் பணியாக வளர்ந்து, 2008இல் அம்மாநில அரசின் கொள்கையாகவும் ஆயிற்று. தமிழ்நாட்டிலும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீட்டுக்கே சென்று நோவுதணித்தலும் உடற்பயிற்சி சிகிச்சையும் இடம்பெற்றுள்ளன. நம் சைவ சபைகள் இதற்குச் செய்யத்தக்கது அரிதன்று. படுக்கையிற் கிடப்பார் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை சென்று திருமுறை ஓதலாம். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணை நிற்கலாம். மருந்தைப் பூட்டிவைத்து வேளையறிந்து கொடுக்க வீட்டார்க்கு உதவலாம். மருந்தை விட விழைவார்க்கு மருத்துவர் சொன்ன அளவில் சிறிதுசிறிதாகக் குறைக்கும் நாட்களில் உடனிருக்கலாம். எல்லாவற்றினும் முதலாவது, நோவுடையார் தம் நிலையை நம்மிடம் அஞ்சாது சொல்லத்தக்கவராக நாம் ஒழுகுதல்.

மருந்து எல்லா நோவையும் முற்றும் நீக்காது. தணித்தபின்னும் எஞ்சி நிற்பது உண்டு. அவ்வெச்சத்தை இறைவன் திருவடியை நினைந்து பொறுத்தல் அடியார்க்குரிய பெருமை. ஆனால் அப்பொறை நோவுடையார் தாமே விரும்பிச் செலுத்தும் காணிக்கை. மருந்தை மறுத்துப் பிறர் அவரிடம் பறித்துக்கொள்ளும் வரியன்று. தணிக்கத்தக்கதைத் தணித்தல் நமது கடன். தணியாததைத் தாங்கும் வலியைத் தருதல் அவனது அருள். நம் கடனை அவன் அருளின்மேல் ஏற்றிவிட்டு நாம் விலகி நிற்றல் சிவநெறியாகாது என்க.

திருச்சிற்றம்பலம்.